வந்த வரிசையில் கிடைத்த பெயர்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலி ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் நீரில் நின்றன. நீர் வடிந்த பிறகு, கணினி பழுது பார்க்கும் எனக்குப் பல கடைகளிலிருந்து அழைப்பு வந்தது. ஜங்ஷன் பக்கத்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில், தண்ணீர் ஏறுமுன்பே கணக்குக் கணினியை மாடிக்குத் தூக்கியிருந்தார்கள். கணினி தப்பியது. ஆனால் பல ஆண்டுகள் ஓடிய அதன் ஹார்ட் டிஸ்கை இனி நம்ப வேண்டாம், முழுவதையும் புதிய டிஸ்குக்கு நகலெடுத்துவிடலாம் என்று கடை அண்ணாச்சியிடம் சொன்னவன் நான்தான்.

மதர்போர்டில் இணைப்பு காலியாக இல்லாததால் புதிய டிஸ்கை ஒரு கூடுதல் கார்டில் பொருத்தினேன். பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றியபோது பழைய டிஸ்க் ‘எஸ்டிஏ’ என்றும் புதியது ‘எஸ்டிபி’ என்றும் வந்தன, தாளில் குறித்துக்கொண்டேன். நகலெடுக்கத் தொடங்குமுன் கரண்ட் போயிற்று. திரும்ப வந்ததும் கணினியை மறுபடி ஏற்றி, தாளில் இருந்தபடியே எஸ்டிஏ-யிலிருந்து எஸ்டிபி-க்கு நகலெடுக்கும் ‘டிடி’ கட்டளையைக் கொடுத்தேன். அரை நிமிடம் கழித்து இன்னொரு சாளரத்தில் டிஸ்குகளின் கொள்ளளவைப் பார்த்தபோது, எஸ்டிஏ என்ற பெயரில் இருந்தது புதிய டிஸ்க். அதன் வெறுமையைப் பழைய டிஸ்கின் தொடக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டளையை நிறுத்திய பின்னும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பெயர் ஏன் மாறியது என்பது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் டிஸ்குகளைக் கண்டுபிடிக்கும் முறையிலேயே இருக்கிறது. கணினியை எழுப்பும் ஃபர்ம்வேர் ஏற்கெனவே டிஸ்குகளைப் பார்த்திருந்தாலும், கெர்னல் தானே புதிதாகத் தேடுகிறது. மதர்போர்டில் சாதனங்களை இணைக்கும் பிசிஐ பாதையில் ஒவ்வோர் இடமாகச் சென்று, அங்கிருப்பது யார் தயாரித்த எந்தச் சாதனம், எந்த வகையைச் சேர்ந்தது என்ற எண்களைப் படிக்கிறது. யாரும் இல்லாத இடத்திலிருந்து எல்லா பிட்டுகளும் ‘1’ ஆக உள்ள விடைதான் கிடைக்கும். அங்கிருப்பது டிஸ்குகளை இணைக்கும் கட்டுப்படுத்தி என்றால், படித்த எண்களைத் தன் பட்டியலில் வைத்திருக்கும் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், எதுவோ, அதனிடம் அந்தக் கட்டுப்படுத்தி ஒப்படைக்கப்படுகிறது. டிரைவர் தன் இணைப்புகளை ஒவ்வொன்றாக எழுப்பி, மறுமுனையில் டிஸ்க் இருந்தால் ‘நீ யார்’ என்று கேட்கிறது. சாட்டா வகை இணைப்பில் வரும் டிஸ்க் இதற்கு 512 பைட்டுகளில் விடை சொல்கிறது: 20 எழுத்து வரையிலான தொடர் எண், 40 எழுத்து வரையிலான மாடல் பெயர், தரவு எழுதப்படும் சிறு துண்டுகளான செக்டர்களின் மொத்த எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். இந்தக் கேள்வி பதிலை எத்தனை முறை பதிவேட்டில் படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தன் அடையாளத்தை அந்தச் சாதனம் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறது.

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற எழுத்துகளுக்கும் அந்த விடைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கல்யாணப் பந்தியில் வந்த வரிசையில் இலை போடுவதுபோல், முதலில் பதிவான டிஸ்குக்கு ‘ஏ’, அடுத்ததற்கு ‘பி’. மதர்போர்டின் கட்டுப்படுத்தியும் கூடுதல் கார்டின் கட்டுப்படுத்தியும் வெவ்வேறு டிரைவர்களின் பொறுப்பு. அவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஏற்றப்படுவதால், எது முந்தும் என்பது ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இதற்காகவே தொடர் எண்ணையும் மாடலையும் கொண்ட நிலையான பெயர்களை லினக்ஸின் ‘யூடெவ்’ என்ற நிரல் தனி அடைவில் உருவாக்கி வைக்கிறது. பல ஆண்டுகளாகத் தெரிந்த இந்த விவரத்தை, அவசரத்தில் நான் பயன்படுத்தவில்லை.

கணக்கு முழுவதும் அழியாததற்கு என் கவனம் காரணமில்லை. டிஸ்கின் முன்பகுதியில் இயங்குதளம் இருந்தது. கணக்குக் கோப்புகள் அதற்குப் பின்னால் தனிப் பகுதியில் இருந்தன. அரை நிமிட எழுத்து முதல் பகுதிக்குள்ளேயே நின்றுவிட்டது. இந்தப் பகுதிகளின் எல்லைகளைக் குறிக்கும் அட்டவணை தொடக்கத்தில் அழிந்திருந்தாலும், ஜிபிடி என்ற அட்டவணை முறை அதன் இன்னொரு பிரதியை டிஸ்கின் கடைசியில் வைத்திருக்கும். அதிலிருந்து அட்டவணையை மீட்டதும் கணக்குப் பகுதி சேதமின்றித் திறந்தது. இயங்குதளத்தை மறுபடி நிறுவ இரண்டு நாள் பிடித்தது. அதுவரை கடையில் கையெழுத்துச் சிட்டைதான்.

நடந்ததை அண்ணாச்சியிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பிறகு எதை வச்சித் தம்பி அடையாளம் பாக்கணும்?” என்று மட்டும் கேட்டார். டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த லேபிளைக் காட்டினேன். மறுநாள் கணக்குப் பகுதியை நகலெடுக்க உட்கார்ந்தபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே தொடர் எண்ணை எழுத்து எழுத்தாகப் படித்தார். நான் திரையில் அந்த நிலையான பெயரோடு ஒப்பிட்டு, கடைசி எழுத்தும் பொருந்திய பிறகுதான் என்டர் பொத்தானை அழுத்தினேன்.