பத்து நிமிடக் குடும்ப ஜெபம்

வீட்டில் குடும்ப ஜெபம் தொடங்க வேண்டும் என்று எண்ணும் இளம் தம்பதிகள், குறிப்பாக முதல் பிள்ளைக்கு நான்கைந்து வயது ஆனவுடன், என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எந்தத் தியானப் புத்தகம் வாங்கலாம் என்பதுதான். புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எவ்வளவு நேரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். அது பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்பதையும் கையோடு சொல்லிவிடுவேன். கோலாலம்பூரில் நான் அறிந்த தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில், ஆர்வத்தோடு தொடங்கிச் சில வாரங்களில் நின்றுபோன குடும்ப ஜெபங்களுக்குப் பக்திக் குறைவு காரணமாக இருந்ததில்லை. ஞாயிறு ஆராதனையை அப்படியே வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவர முயன்றதுதான் காரணம். ஆரம்பப் பாடல், சங்கீதம், வேதவாசிப்பு, அப்பாவின் விளக்கம், உலக நாடுகள் அனைத்துக்குமான மன்றாட்டு, முடிவுப் பாடல் என்று முக்கால் மணி நேரம் போனால், மறுநாள் ஏழரை மணிப் பள்ளிக்கு இருட்டிலேயே எழ வேண்டிய பிள்ளை எப்படித் தாங்கும்?

இவ்விஷயத்தில் எங்கள் லுத்தரன் மரபிலேயே ஒரு நல்ல வழிகாட்டல் உண்டு. ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தின் (விசுவாசத்தை வினா விடையாகக் கற்பிக்கும் சிறு நூலின்) முன்னுரை போதகர்களை நோக்கி எழுதப்பட்டது. ஆனால் பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகிய பாடங்களின் தலைப்புகளிலோ, குடும்பத் தலைவன் இவற்றைத் தன் வீட்டாருக்கு எளிய முறையில் கற்பிக்க வேண்டிய விதம் என்று எழுதியிருக்கிறார். அதே நூலில் இரவு ஜெபத்துக்கு அவர் தரும் ஒழுங்கு மிகச் சுருக்கமானது. சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், விரும்பினால் நான்கைந்து வரிகளில் ஒரு சிறு ஜெபம். பின்பு தாமதிக்காமல் மகிழ்ச்சியோடு தூங்கப் போக வேண்டும். தூங்கப் போகச் சொன்னாரே தவிர, அதற்கு முன் அரை மணி நேரம் பிரசங்கம் செய்யச் சொல்லவில்லை என்பதை நம் வீட்டு ஆண்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

எந்த நேரத்தில் கூடுவது என்பது கோலாலம்பூரில் எளிதான கேள்வி அல்ல. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ்கள் இருந்த காலத்தில், வேலையிடமும் வீடும் ஆலயமும் நடக்கும் தூரத்தில் இருந்தன. இப்போது ஒருவர் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலிலும், இன்னொருவர் எல்ஆர்டி நகர ரயிலிலும், பிள்ளைகள் டியூசனிலும் இருக்கிறார்கள். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து ஒரு நேரத்தைக் குறிப்பதைவிட, வீட்டில் எப்படியும் நடக்கும் ஒரு காரியத்தோடு ஜெபத்தைச் சேர்த்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து, தட்டுகளை எடுப்பதற்கு முன், அதே மேசையிலேயே கூடுகிறோம். பூச்சோங்கில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பக்கத்துச் சூராவில் (சிறு தொழுகைக் கூடத்தில்) மஃரிப் பாங்கு, அதாவது சூரியன் மறைந்ததும் தொழுகைக்கு அழைக்கும் ஒலி, முடிந்ததும் உட்கார்ந்துவிடுகிறது. நம் ஊரில் ஆண்டு முழுவதும் அது ஏறக்குறைய ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில்தான் வரும் என்பதால் அவர்களுக்கு வேறு மணி தேவைப்படவில்லை. யாராவது வேலையிலிருந்து வரத் தாமதமானால் இருப்பவர்களை வைத்துத் தொடங்கிவிட வேண்டும். எல்லாரும் வரட்டும் என்று காத்திருக்கும் வீட்டில் ஜெபம் வாரத்துக்கு ஒரு நாளாகி, பிறகு பண்டிகைக்கு ஒரு நாளாகிவிடும்.

வாசிப்பதற்கு மாற்கு சுவிசேஷத்தைத்தான் பரிந்துரைப்பேன். வாக்குத்தத்த வசனங்களை ஆங்காங்கே பொறுக்கி வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நேற்று எங்கே விட்டோம், இன்று என்ன நடக்கப்போகிறது என்ற ஆவல் அதில் பிள்ளைகளுக்கு வருவதில்லை. மாற்கு 16 அதிகாரங்கள் கொண்டது, நான்கு சுவிசேஷங்களிலும் சிறியது. ஓர் இரவுக்குப் பத்துப் பன்னிரண்டு வசனங்கள் வீதம் வாசித்தால் ஏறக்குறைய இரண்டு மாதங்களில் முடிந்துவிடும். மேலும் பிள்ளைகள் விரும்பும் நுணுக்கங்கள் அதில் நிறைய உண்டு. புயலில் இயேசு தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதையும், கெத்செமனேயில் ஒரு வாலிபன் தன் துப்பட்டியைப் போட்டுவிட்டு நிர்வாணமாய் ஓடிப்போனான் என்பதையும் மாற்கு மட்டுமே சொல்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் விழுந்து மாண்ட இடத்தை வாசித்தபோது, அந்தப் பன்றிகளின் சொந்தக்காரருக்கு யார் பணம் கொடுத்தது என்று என் மகன் கேட்டான். யாருக்கும் விடை தெரியவில்லை. அந்த வாரம் எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் கேட்கலாம் என்று விட்டுவிட்டோம். அவனும் மறக்காமல் கேட்டான். வாசித்த பிறகு ஒரே ஒரு கேள்வி, அதுவும் பிள்ளை கேட்பதாக இருந்தால் போதும். பெரியவர்கள் விடையை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள் பள்ளித் தேர்வைத்தான் நினைவூட்டுகின்றன.

மொழிச் சிக்கல் பல வீடுகளில் உண்டு. என் மாமியார் பழைய திருப்புதலை (வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பை) தவிர வேறெதையும் வேதாகமமாக ஏற்பதில்லை; தேசியப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கோ அச்சிட்ட தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருகிறது. வாசிப்பு தமிழில் இருக்கட்டும், மாமியாரே வாசிக்கட்டும் என்று வைத்துக்கொண்டோம். புரியாததை என் கணவர் இரண்டு வாக்கியத்தில் பேச்சுத் தமிழில் சொல்லிவிடுவார். ஜெபிக்கும்போது பிள்ளைக்கு எந்த மொழி வருகிறதோ அதுவே சரி, அதில் திருத்தம் சொல்லக்கூடாது. பாட்டு ஒன்று போதும், அதிலும் பல்லவியும் ஒரு சரணமும் போதும். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்துக் கீர்த்தனைகளை ரோமன் எழுத்தில் எழுதித் தந்தால் பிள்ளைகள் பாடிவிடுகிறார்கள். முதியவர்கள் இதற்கு முகம் சுளித்தாலும் எனக்கு இதில் குறை தெரியவில்லை.

ஜெபத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோர் பலர், நேரே சொல்லத் தயங்கும் கண்டிப்பை ஆண்டவர் வழியாகப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். "ஆண்டவரே, எங்கள் மகள் போனைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க நீரே கிருபை தாரும்" என்று தாய் ஜெபித்தால், கண் மூடியிருக்கும் மகளுக்கு அது யாருக்கான வாக்கியம் என்று நன்றாகத் தெரியும். மாமியார் மருமகள் மனஸ்தாபங்களும் இதே வழியில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த மேசையில் இப்படி ஒருவர் குத்தப்பட்டுவிட்டால், அவர் மறுபடி அங்கே மனமுவந்து உட்கார மாட்டார். ஆளுக்கு ஒரு நன்றி, ஒரு விண்ணப்பம், அதுவும் தன்னைக் குறித்தோ வீட்டுக்கு வெளியே உள்ளவரைக் குறித்தோ இருக்கட்டும் என்ற வரம்பு நல்லது. பேச விரும்பாதவர் மௌனமாக இருக்கலாம். கடைசியில் கர்த்தருடைய ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது அவருக்கும் அதில் பங்கு கிடைத்துவிடுகிறது. கத்தோலிக்க நண்பர்களின் வீடுகளில் ஜெபமாலை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: வார்த்தைகள் முன்பே இருப்பதால், களைத்துப்போன நாளிலும் யார் வேண்டுமானாலும் நடத்தலாம்.

விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இந்து நண்பர்களோ உறவினரோ வந்திருக்கும் இரவுகளில், "நாங்கள் பத்து நிமிடம் ஜெபம் செய்துவிட்டு வருகிறோம்" என்று இயல்பாகச் சொல்லிவிடலாம். அவர்களும் உட்கார விரும்பினால் இடம் கொடுக்கலாம், வற்புறுத்த வேண்டாம். பதினைந்து வயதைத் தாண்டிய பிள்ளை வர மறுத்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இதுதான்: மேசையில் உட்காரச் சொல்லுங்கள், ஜெபிக்கச் சொல்லாதீர்கள். எஸ்பிஎம் (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் ஆண்டில் அதையும் சற்றுத் தளர்த்தலாம். மாற்கு முடிந்தபின் நான்கே அதிகாரங்கள் கொண்ட ரூத்துக்கும், பிறகு 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களுக்கும் போகலாம்; அவற்றில் பதினெட்டு வசனங்கள் கொண்ட 132-ஆம் சங்கீதத்தை மட்டும் இரண்டு இரவுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.