டிரைவர் டிஸ்க்கை அலமாரியில் வைத்த வருடம்

அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட்டில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் போனால் ஒரு பூங்கா வரும். பைன் மரங்களுக்கு நடுவே பதினெட்டு டிஸ்க் கால்ஃப் கூடைகள். தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து, குறைந்த எறிகளில் கூடைக்குள் போடும் விளையாட்டு அது. அதில் நான்காவது ஹோல், அதாவது நான்காவது கூடைக்கான பாதை, 280 அடி. டீ எனும் முதல் எறிக்கான இடத்தில் நின்று பார்த்தால் நேரான சந்து போல இருக்கும், இரண்டு பக்கமும் மரம், கூடை கடைசியில் லேசாக வலது பக்கம் ஒதுங்கி நிற்கும். போன வருடம் மார்ச் வரைக்கும் நான் எறிந்த டிஸ்க் ஒன்றுகூட அந்தச் சந்தின் வலது பாதியில் விழுந்ததில்லை. 180 அடி வரை நன்றாகப் போகும். அப்புறம் இடது பக்கம் சாய்ந்து மரத்துக்குள் போய்விடும்.

பன்னிரண்டு வயது மகள் கூட வருவாள். அவளிடம் லெப்பர்ட் என்ற 150 கிராம் டிஸ்க் ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை என் டிஸ்க் வழக்கம் போல மரத்தில் மோதி விழுந்தது. அவள் எறிந்தது என்னுடையதைத் தாண்டி, சந்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. "அப்பா, உங்க டிஸ்க் மட்டும் ஏன் எப்பவும் லெஃப்ட்லயே போகுது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடியதில்தான் எனக்கு இந்த விளையாட்டே புரிய ஆரம்பித்தது.

நான் எறிந்துகொண்டிருந்தது இன்னோவா கம்பெனியின் டெஸ்ட்ராயர், தூரமாக எறிவதற்கான டிரைவர் வகை டிஸ்க். டிஸ்க்குகளுக்கு நான்கு எண்கள் கொடுப்பார்கள்: ஸ்பீட், கிளைட் (காற்றில் மிதக்கும் திறன்), டர்ன், ஃபேட். டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. முதல் எண்ணைப் பார்த்து "12 என்றால் வேகமாகப் போகும்" என்று நினைத்துத்தான் வாங்கினேன். அந்த 12, டிஸ்க் நம்மிடம் கேட்கும் வேகம். அவ்வளவு வேகத்தில் எறிந்தால்தான் அது அச்சிட்ட எண்களின்படி பறக்கும். வலது கையால் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிபவருக்கு, முழு வேகத்தில் முதலில் லேசாக வலது பக்கம் சாயும், அதுதான் டர்ன். வேகம் குறையும்போது இடது பக்கம் திரும்பும், அதுதான் ஃபேட். என் கை வேகத்துக்கு அந்த முதல் பாதி வரவே வராது. கையை விட்ட கொஞ்ச நேரத்திலேயே ஃபேட் தொடங்கிவிடும்.

1983இல் டிஸ்க் வடிவமைப்பாளர் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் செதுக்கிய ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். அதுவரை எறிந்துகொண்டிருந்தது உருண்டை விளிம்பு வைத்த, பிள்ளைகள் விளையாடும் தட்டு மாதிரியானவை. விளிம்பு மெலிந்ததும் காற்றைக் கிழித்துக்கொண்டு தூரம் போக முடிந்தது, கூடவே டிஸ்க்குக்குக் கை வேகமும் தேவைப்பட ஆரம்பித்தது. டெஸ்ட்ராயரின் அகலமான, கூர்மையான விளிம்பை, கூடைக்கு அருகில் எறிவதற்கான பட்டர் வகை டிஸ்க்கின் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு பொருள் என்று கையே சொல்லிவிடும்.

சரி, என்ன செய்தேன்? எல்லா டிரைவர்களையும் அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். பையில் மூன்றே டிஸ்க்: ஒரே மாதிரி இரண்டு ஏவியார் பட்டர்கள் (2, 3, 0, 1), நடுத்தரத் தூரத்துக்கான ஒரு பஸ்ஸ் மிட்ரேஞ்ச் (5, 4, -1, 1). ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இவற்றை மட்டுமே எறிவது என்று முடிவு. முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருந்தது. கூட விளையாடுபவர்கள் 300 அடி எறியும்போது 160 அடி எறிந்துவிட்டு நடக்க மனசு வர வேண்டும். ஆனால் பட்டர் ஒரு தப்பைக்கூட மறைக்காது. விளிம்பு கொஞ்சம் தூக்கியிருந்தாலும் ஏணி வைத்த மாதிரி மேலே ஏறி, நின்று, அப்படியே இறங்கும். மணிக்கட்டு ஆடினால் டிஸ்க்கும் ஆடிக்கொண்டே போகும். அதே தப்புகளை டெஸ்ட்ராயரில் செய்தபோது எல்லாமே இடது பக்கம் திரும்புவதாக மட்டும்தான் தெரிந்தது, எந்தத் தப்பு எது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

ஏறிப்போய் நிற்கும் தப்பைச் சரிசெய்தவர் பூங்காவுக்குத் தினமும் வரும் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். என் முன்கையைப் பிடித்துக்கொண்டு, கெட்டிலில் இருந்து ஊற்றுவது போல மணிக்கட்டைக் கீழே சாய்க்கச் சொன்னார். கைகுலுக்கும்போது இருக்கும் மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் பக்கமாகக் கொஞ்சம் இறக்க வேண்டும். அவ்வளவுதான். அப்படிச் செய்யும்போது டிஸ்க்கின் முன்விளிம்பு தரையைப் பார்ப்பது போலக் கண்ணுக்குத் தெரியும், பயமாகக்கூட இருக்கும். எறிந்தால் சமமாகப் போகும்.

அடுத்ததை என் போன்தான் காட்டியது. கூடையின் மேல் போனைச் சாய்த்து வைத்து, எதிரில் நின்று எறிவதைப் பதிவு செய்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, பின்னால் நீட்டிய என் கை நேராக வராமல் உடம்பைச் சுற்றிக்கொண்டு வருவது தெரிந்தது. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. டிஸ்க் மார்பைச் சுற்றி வளைந்து வந்தால், கையை விட்டுக் கிளம்பும் நொடி ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு நாள் இடது மரம், ஒரு நாள் வலது மரம். இதற்கு ஒரே பயிற்சிதான் செய்தேன், ஆனால் ஏழெட்டு வாரம் விடாமல் செய்தேன். கால் நகராமல் நின்று, டிஸ்க்கை வலது மார்புக்கு நேராக வைத்து, முழங்கையை முன்னால் தள்ளி, அங்கிருந்து முன்கையை மட்டும் திறந்து எறிவது. 80 அடிதான் போகும், ஆனால் நேராகப் போகும். அது கைக்குப் பழகிய பிறகு கையைப் பின்னால் நீட்டினேன். அதன் பின் ஓர் அடி எடுத்து வைத்தேன். காலைப் பின்னால் குறுக்கே வைத்து நடக்கும் எக்ஸ்-ஸ்டெப்புக்கு ஜூன் மாதம்தான் வந்தேன்.

அந்த நடையில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்பது என் அபிப்பிராயம்: முன்கால் தரையில் ஊன்றிய பிறகுதான் கை முன்னால் வர வேண்டும். கால் இறங்கும் முன்பே கையை இழுத்தால் இடுப்பின் பலம் வீணாகிவிடும். கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, கடைசியாகக் கை சொடுக்கும்போது, டிஸ்க் விரலை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போவது தெரியும். ஆள்காட்டி விரலின் நுனியில் ஒரு எரிச்சல். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த இடம் சிவந்திருக்கும். நன்றாக எறிந்த நாளுக்கு அதைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறேன். இன்னொன்று, பலமாக எறிய முயலும் நாளில் தூரம் குறைகிறது. முக்கால் பலத்தில், தாமதமாக வேகம் கூட்டினால் பட்டரே 220 அடி போகிறது.

பட்டிங்குக்கு, அதாவது கூடைக்கு அருகிலிருந்து உள்ளே போடும் எறிக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் பாதி இங்கேதான் இருக்கிறது, ஆனால் பெரும்பாலோர் பழகுவது டீயிலிருந்து எறியும் டிரைவ் மட்டும்தான். 1975இல் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது கூடை கிடையாது, கம்பத்தில் பட்டால் போதும். சங்கிலி தொங்கும் கூடையை அவரே அப்புறம் உருவாக்கினார். அந்தச் சங்கிலி எவ்வளவு உதவும், எங்கே கைவிடும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நடுக்கம்பத்தை ஒட்டி வருவதைப் பிடித்துவிடும். ஓரத்தில் வேகமாக வருவது ஊடுருவிப் போய்விடும்.

தோட்டத்தில் மடக்குக் கூடை ஒன்று வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு மகளும் நானும் தலா இருபது எறிவோம், 10, 15, 20, 25 அடியிலிருந்து ஐந்தைந்து. உள்ளே விழுந்த எண்ணிக்கையைவிட, விழாதது எப்படித் தவறியது என்பதைத்தான் நோட்டில் எழுதுகிறோம். எனக்கு மே மாதம் தவறியவற்றில் முக்கால்வாசி "கீழே" என்று இருந்தது. காரணம், நான் கூடையைப் பார்த்து எறிந்துகொண்டிருந்தேன். இப்போது சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைப் பார்க்கிறேன், நடுவுக்குக் கொஞ்சம் மேலே. அதன் துரு, வளைவு எல்லாம் கண்ணுக்குத் தெரியும்வரை பார்த்து, மூச்சை விட்டு, எறிகிறேன். கையை வீசி முடித்ததும் விரல்கள் ஐந்தும் விரிந்து அந்தக் கண்ணியை நோக்கி நீட்டியிருக்க வேண்டும். மகளுக்கு விரல் சுழற்சியால் தட்டையாகப் போகும் ஸ்பின் பட் வருகிறது. எனக்குக் காலால் தூக்கி மெல்லத் தள்ளும் புஷ் பட்தான் வருகிறது. எது உயர்ந்தது என்று வாதாட ஒன்றுமில்லை, காற்றடிக்கும் நாளில் அவளுடையதுதான் நேராகப் போகிறது.

புதியவர்கள் தவறவிடும் ஒரு விதி: கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் பட் செய்தால், எறிந்த பிறகு சமநிலையில் நின்று காட்டிவிட்டுத்தான் முன்னால் அடி வைக்கலாம். தோட்டத்திலும் இதைக் கடைப்பிடிக்கிறோம். முன்காலில் நின்று முடிக்கப் பழகியதாலேயே என் குறி நேரானது.

டிஸ்க் வாங்கும் விஷயம். எடையை அலட்சியம் செய்யாதீர்கள். கடையில் 175 கிராம்தான் முன்னால் தெரியும். கை வேகம் குறைவானவருக்கு 150, 160 கிராம் எளிதாக மிதக்கும், மகளின் லெப்பர்ட்டின் ரகசியம் அதுதான். பிளாஸ்டிக்கில் மலிவான வகை மரத்தில் மோதி மோதித் தேயும். தேயத் தேய வலது பக்கம் அதிகம் சாயும். சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு என் பழைய ஏவியார் அப்படி மாறியதால் வலது வளைவுக்கு ஒரு டிஸ்க் சும்மா கிடைத்தது. நிறம்: இங்கே அக்டோபர் கடைசியில் தரை முழுக்கச் சருகு. ஆரஞ்சு டிஸ்க்கை அரை மணி நேரம் தேடிவிட்டு விட்டுவந்தேன். அதற்குப் பிறகு நீலமும் அடர் ரோஸும்தான். பின்பக்கம் போன் நம்பர் எழுதுங்கள். எழுதியதால் எனக்கு இரண்டு முறை டிஸ்க் திரும்பி வந்திருக்கிறது.

அதே அக்டோபரில் தென் கரோலினாவில் உள்ள ராக் ஹில் நகரத்துக்குப் போனோம். அமெரிக்க டிஸ்க் கால்ஃப் சாம்பியன்ஷிப் 1999 முதல் அங்கே வின்த்ராப் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது, எங்களுக்கு அரை மணி நேரப் பயணம். 17ஆவது ஹோலில்தான் கூட்டம். கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தீவு போல ஆக்கியிருப்பார்கள். வெளியே விழுந்தால் தண்டனை எறி. மகள் கயிற்றுக்கு அருகே உட்கார்ந்து, ஒவ்வொருவரும் பையிலிருந்து எதை எடுக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். 400 அடி எறியக்கூடியவர்கள் அங்கே பட்டரை எடுத்து, மூச்சு விட்டு, முக்கால் பலத்தில் விட்டதைப் பார்த்து, "அப்பா, நம்ம டிஸ்க்" என்று என் கையைத் தட்டினாள்.

நவம்பரில் நானும் ஒரு லெப்பர்ட் வாங்கினேன், 6, 5, -2, 1. நான்காவது ஹோலில் அது சந்தின் நடுவே போய், லேசாக வலது பக்கம் சாய்ந்து, கூடைக்கு 22 அடியில் விழுந்தது. பட் கீழ்க்கம்பியில் பட்டுத் தெறித்தது. நோட்டில் "கீழே" என்று எழுதினோம். ஜனவரியில் கையைப் பக்கவாட்டிலிருந்து முன்னால் வீசும் ஃபோர்ஹேண்ட் தொடங்குகிறேன், ஏவியாரோடு, கால் நகராமல், 80 அடியிலிருந்து.