கம்மி மிட்டாயில் எவ்வளவு கம்மி?

குமுளியில் சாக்லேட் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு கேள்வி பழகிப்போனது. சீசன் வந்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு பேராவது கவுண்டர் பக்கம் ஒதுங்கி, ஏலக்காய் சாக்லேட்டில் ஒரு துண்டு, முந்திரி சாக்லேட்டில் ஒரு துண்டு ருசி பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஸ்பெஷல் ஏதாவது இருக்கா?" என்பார்கள். மலையாளத்துப் பையன்கள் என்றால் "சேச்சி". நான் காந்தாரி மிளகாய் போட்ட சாக்லேட்டை எடுத்து நீட்டுவேன். கேட்டவன் முகம் அப்படியே விழுந்துவிடும். இடுக்கி என்றாலே இங்கே இருப்பவர்கள் எல்லாம் மடியில் கஞ்சாவை முடிந்துகொண்டு திரிகிறோம் என்று நினைப்பு. இந்தப் பக்கம் கேரள எக்சைஸ் பஸ்ஸை நிறுத்திப் பையைத் தடவுகிறது, எல்லை கேட்டைத் தாண்டினால் லோயர் கேம்ப் இறக்கத்தில் தமிழ்நாட்டு போலீஸ் தடவுகிறது. நடுவில் உட்கார்ந்து நான் மிட்டாய் விற்கிறேன்.

போன டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். கடைக்கு மேலே இரண்டு அறையை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறோம். சென்னையிலிருந்து வந்த இரண்டு பையன்கள், காலேஜ் முடித்த வயசு, யாரோ நண்பன் கொடுத்ததாக கஞ்சா போட்ட இரண்டு பிரௌனியை ஃபாயிலில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஆளுக்குப் பாதி. எட்டு மணி வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏமாற்றிவிட்டான் என்று நண்பனைத் திட்டிக்கொண்டு, இருந்த இன்னொன்றையும் பிய்த்துத் தின்றுவிட்டு, கீழே வந்து பரோட்டா வாங்கிப் போனார்கள். பத்தரை மணிக்குக் கதவைத் தட்டுகிறான் ஒருத்தன். "அக்கா, அவனுக்கு ஹார்ட் நின்னுடும் போல இருக்கு." மாடியில் போய்ப் பார்த்தால் மற்றவன் சுவரில் சாய்ந்து, கை நடுங்க, "நான் செத்துட்டேனா?" என்று கேட்கிறான். உண்மையாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்கிறான்.

என் வீட்டுக்காரர் ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டால் இருவரும் பரோட்டா, பீஃப் ஃப்ரை என்று மட்டும் சொல்கிறார்கள். நான்தான் கூட வந்தவன் காதில், டாக்டர் போலீஸ் இல்லை, உள்ளதைச் சொல்லு என்றேன். சொன்னான். "எவ்வளவு?" என்றார் டாக்டர். "ஒண்ணு... ஒண்ணேகால் பிரௌனி இருக்கும் சார்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒன்றேகால் பிரௌனி என்பது கேஸ் ஷீட்டில் எழுதக்கூடிய அளவா?

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரிப்ஸ் போட்டுப் படுக்க வைத்தார்கள், விடியற்காலையில் தூங்கிப்போனான், மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஏதோ கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தான்.

அந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் தூக்கம் வராமல் டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தி மகளுக்கு போன் போட்டேன், அங்கே மதியம். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டு, "இங்கே கடையிலேயே விக்கிறாங்கக்கா, கம்மி மிட்டாய், சாக்லேட் எல்லாம். ஆனா ஒரு பாக்கெட்டுக்கே போதைப்பொருள் 10 மில்லிகிராம்தான். உன் பையன் எத்தனை மில்லிகிராம் தின்னான்?" என்றாள். யாருக்குத் தெரியும். சுட்டவனுக்கே தெரிந்திருக்காது. (கம்மி மிட்டாய் என்றதும் முதலில் போதை கம்மியான மிட்டாய் என்றுதான் நினைத்தேன். ஆங்கிலத்தில் கம்மி என்றால் ஜெல்லி மாதிரி மெல்லுகிற மிட்டாயாம்.)

அதற்கப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். போதையில் ஆர்வம் வந்து அல்ல, தொழில் புத்தி. 10 மில்லிகிராமை ஒரு சாக்லேட்டுக்குள் எப்படி அளந்து வைக்கிறான்? என் கடைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே பார்க்காது. ஒரு குன்றிமணி எடையே நூறு மில்லிகிராமுக்கு மேல் வரும், அதைப் பத்துப் பன்னிரண்டு பங்கு போட்டால் ஒரு பங்கு. அதை உருகின சாக்லேட்டில் எல்லாத் துண்டுக்கும் சமமாகக் கலக்க வேண்டும்.

இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒருதடவை கிராம்பு எண்ணெய் விட்டு ஒரு பேட்ச் போட்டேன். நான்கு கிலோ, டபுள் பாய்லரில் உருக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, கரண்டியால் கிண்டி, மோல்டில் ஊற்றி ஆற வைத்து எடுத்தால், ஒரு துண்டில் கிராம்பு வாசனையே இல்லை, பக்கத்துத் துண்டைக் கடித்த என் மாமியாருக்கு நாக்கு மரத்துப்போய் அரை மணி நேரம் பேச்சே வரவில்லை. (வீட்டில் அன்றைக்கு அமைதியாக இருந்தது.) பிரௌனியிலும் இதே கதைதான். கஞ்சாவில் போதை தருகிற டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வெண்ணெயில் இறக்கி மாவில் கலக்கும்போது ஒரு மூலையில் கூடுதலாகவும் இன்னொரு மூலையில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஒரே தட்டில் சுட்டதைத் தின்ற இரண்டு பேரில் ஒருத்தன் வந்து கதவைத் தட்டினான், ஒருத்தன் ஆட்டோவில் படுத்து வந்தான்.

கடை வைத்து வெளிப்படையாக விற்றவர்களுக்கே ஆரம்பத்தில் இது கைகூடவில்லை. அமெரிக்காவில் சியாட்டில், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் ஊர்களில் மருத்துவ கஞ்சா கடைகளில் வாங்கிய 75 தின்பண்டங்களைச் சோதித்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. லேபிளில் போட்டது சரியாக இருந்தது 17 சதவீதத்தில் மட்டும். 60 சதவீதத்தில் போட்டதைவிடக் குறைவு, 23 சதவீதத்தில் கூடுதல். நம்மூரில் எடைக்கல்லைத்தான் திருடுவார்கள், அங்கே மில்லிகிராமைத் திருடியிருக்கிறார்கள். இப்போது கலிஃபோர்னியாவில் லேபிளுக்கும் சரக்குக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

சரி, உச்சவரம்புக்கு வருவோம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி முதல் பெரியவர்களுக்குக் கஞ்சாவைக் கடையில் விற்க ஆரம்பித்தார்கள். ஒரு வேளைக்கான அளவு 10 மில்லிகிராம், ஒரு பாக்கெட்டுக்கு 100. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு குக்கீயில் ஆறரை வேளை அளவை வைத்து விற்க முடிந்தது. அந்த மார்ச் மாதம் 19 வயதுப் பையன் ஒருவன், கடைக்காரர் சொன்னபடி முதலில் ஒரு துண்டுதான் தின்றிருக்கிறான். அரை மணி, ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. மிச்சம் மொத்தத்தையும் தின்றுவிட்டான். மொத்தம் 65 மில்லிகிராம். நிலைகுலைந்து நான்காவது மாடியிலிருந்து குதித்து இறந்துபோனான். இதைப் படித்தபோது எங்கள் மாடிப்படி கண் முன்னால் வந்தது. அடுத்த வருஷம் 10 மில்லிகிராம் துண்டுகளாக எளிதில் பிரிக்கும்படி செய்ய வேண்டும் என்று விதி போட்டார்கள். பிறகு ஒவ்வொரு துண்டிலும் முத்திரை பதிக்கச் சொன்னார்கள், 2017-ல் கரடி, மனிதன், பழம் மாதிரி உருவங்களுக்குத் தடை வந்தது.

புகைத்தால் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும், போதும் என்று கையிலிருப்பதை அணைத்துவிடலாம். தின்றால் அரை மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். வயிற்றிலிருந்து கல்லீரலுக்குப் போய் அங்கே இன்னொரு வேதிப்பொருளாக மாறி, அது மூளையில் இன்னும் பலமாக வேலை செய்கிறது, பல மணி நேரம் நிற்கிறது. விழுங்கியதை யார் அணைப்பது?

கனடாக்காரர்கள் இந்தக் கதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார்கள். 2018 அக்டோபர் 17-ல் கஞ்சா சட்டபூர்வமாயிற்று, தின்பண்டத்துக்கான விதி ஒரு வருஷம் கழித்து. ஒரு பாக்கெட்டுக்கே 10 மில்லிகிராம், உள்ளே ஒரு துண்டு இருந்தாலும் சரி, பத்து துண்டு இருந்தாலும் சரி. படம் கிடம் இல்லாத உறை, குழந்தை பிரிக்க முடியாத மூடி. கியூபெக் மாகாணத்தில் இன்னும் கறார், மிட்டாய், சாக்லேட் மாதிரி பிள்ளைகளை இழுக்கிற எதுவுமே கிடையாது. மிட்டாய் விற்ற மாகாணங்களில் சின்னக் குழந்தைகள் தெரியாமல் தின்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தது கியூபெக்கைவிட அதிகமாகக் கூடியது.

இதில் நான் கனடா கட்சி. காரணம், பதினாறு வருஷமாக சாக்லேட் விற்கிறேன், கால் கிலோ வாங்கியவர் ஒரு துண்டோடு நிறுத்தி நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்ட் போவதற்குள் பாதி காலி. இனிப்பைச் செய்து கையில் கொடுத்துவிட்டு, பத்தில் ஒன்றுதான் உனக்கு என்று உறையில் பொடி எழுத்தில் எழுதுவது சாக்லேட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் செய்கிற வேலை. 10 போதாது, ஆட்கள் கள்ளச் சந்தைக்குப் போகிறார்கள் என்று அங்கே கம்பெனிகள் முனகுவதும் நிஜம்தான். சித்தி மகளும், சின்ன மிட்டாய்க்கு எவ்வளவு பெரிய பிளாஸ்டிக் டப்பா தெரியுமா என்று அலுத்துக்கொண்டாள்.

அங்கேயும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒருவர் வெளியில் வைத்திருக்கக்கூடியது 30 கிராம் காய்ந்த கஞ்சா, அல்லது அதற்கு ஈடு. ஒரு கிராமுக்கு ஈடு 15 கிராம் தின்பண்டம். அதாவது 450 கிராம் மிட்டாய் வரை கையில் இருக்கலாம். இந்தக் கணக்கில் மில்லிகிராம் வராது, சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேர்ந்த எடைதான்.

நம்ம சட்டமும் எடைதான் பார்க்கிறது. 1985-ம் வருஷத்து போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறு அளவுக்கே ஒரு வருஷம் வரை உள்ளே போகலாம், வணிக அளவு என்றால் குறைந்தது பத்து வருஷம். கலப்படமாக இருந்தால் உள்ளே இருக்கும் சுத்தமான போதைப்பொருளை மட்டும் எடுத்துக்கொள்வதா, மொத்த எடையா என்று இழுபறியாக இருந்தது. 2008-ல் உச்ச நீதிமன்றம் சுத்தமானதை மட்டும் என்றது, 2020-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு மொத்தக் கலவையும் சேர்த்துத்தான் என்று மாற்றிவிட்டது. அந்தக் கணக்கில் பிரௌனிக்குள் இருக்கும் மைதாவும் முட்டையும் எடைக்கு வரும். இன்னொரு பக்கம், பூ, காய் சேராத வெறும் இலை அந்தச் சட்டத்துக் கஞ்சாவே இல்லை, அதனால்தான் அந்த இலையை அரைத்துச் செய்கிற பாங்கு விற்கும் கடை ராஜஸ்தானில் அரசு லைசென்ஸோடு நடக்கிறது. அங்கே லஸ்ஸியில் எத்தனை மில்லிகிராம்? கடைக்காரன் கை அளவு.

நம்ம நாட்டில் தின்பண்டத்துக்கு டி.எச்.சி. வரம்பே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் ஒரு சேல்ஸ்மேன் வந்தார், சணல் வகை விதை, ஹெம்ப் சீட் என்று சாம்பிள் பாக்கெட்டோடு. கஞ்சாச் செடியின் விதைதான். நான் பதறிப்போய் ஷட்டரை இறக்காத குறை. அவர் பொறுமையாக செல்போனில் காட்டினார். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை உணவாக அனுமதித்திருக்கிறது, விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது, விதை எண்ணெயில் கிலோவுக்கு 10. கனடாவில் ஒரு பாக்கெட் மிட்டாயில் இருப்பதை எட்ட வேண்டுமென்றால் இரண்டு கிலோ விதையைத் தின்ன வேண்டும். அதற்குள் வயிறு வேறு தீர்ப்பு சொல்லிவிடும்.

இரண்டு கிலோ வாங்கினேன். வறுத்து, டார்க் சாக்லேட்டில் தூவி, இலைப் படம் எதுவும் போடாமல் "போதை தராது" என்று லேபிளில் தெளிவாக அச்சடித்து வைத்தேன். ஸ்பெஷல் கேட்டவர்கள் எல்லோரும் ஆசையாகக் கையில் எடுத்தார்கள், லேபிளைப் படித்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் விதை என்ன விதை என்று கேட்டுவிட்டுத் தொடவே இல்லை. மூன்று மாசத்தில் பதினொரு பாக்கெட் போனது. மீந்த விதையை எள்ளுக்குப் பதிலாக இட்லிப் பொடியில் போட்டு அரைத்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, மாமியார் மட்டும் இன்னும் சந்தேகத்தோடு ஓரத்தில் தொட்டுப் பார்க்கிறார்.