போக ஆறே முக்கால், வர ஒன்றே முக்கால்

சிங்கப்பூரில் அக்காவுக்குப் பிரசவ நேரம். அம்மாவுக்கு டிக்கெட் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். பால் கணக்கு எழுதும் காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ கூட்டிக் கழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ராத்திரி 11.15-க்கு ஏறி காலையில 6 மணிக்கு இறங்கணும். ஆறே முக்கால் மணி நேரம். வர்றப்ப 8 மணிக்கு ஏறினா 9.45-க்கு மெட்ராஸ். ஏன்டா, வர்றது இறக்கமா?"

தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர், எந்தப் பக்கம் போனாலும் நாலே கால் மணி நேரம்தான், டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைப் போடுவார்கள், சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால் என்று விளக்கினேன். அதற்குள் அப்பா புகுந்து, பூமி கிழக்கே சுற்றுவதால் வரும்போது சென்னையே விமானத்தை நோக்கி வந்துவிடும் என்றார். காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது என்றால் கேட்கிற ஆளா அவர்?

அம்மா கைக்கடிகாரத்தைத் திருப்பாமலே போய் இறங்கினாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுப்பிவிட்டால் வெளியே கும்மிருட்டு. "இந்த ஊர்க் கடிகாரம் பொய் சொல்லுது" என்று போனில் புகார். சொன்னதில் நியாயம் உண்டு. சூரியனை வைத்துப் பார்த்தால் அந்த ஊர் நமக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். ஏற்கெனவே சூரியனுக்கு முன்னால் ஓடிய கடிகாரத்தை 1982-இல் மலேசியாவோடு சேர்ந்து இன்னும் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டார்கள். சூரியன் எட்டிப் பார்க்கவே ஏழு மணி ஆகிவிடும்.

பேரன் பிறந்ததும் ஊர் ஜோசியருக்கு முதல் போன். பிறந்த இடம் சிங்கப்பூர் என்று சொன்ன அம்மா, பிறந்த நேரத்தை மட்டும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். ரெண்டரை மணி நேரத்தில் லக்னமே மாறிவிடுமே! பையனுக்குப் படிப்பு சுமார், முன்கோபம் ஜாஸ்தி என்றார் ஜோசியர். வீடே இழவு விழுந்த மாதிரி ஆனது. அப்புறம் அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து நேரத்தைத் திருத்திச் சொன்னாள். உடனே கலெக்டர் யோகம். அந்த ரெண்டரை மணி நேரத்தை அம்மா மனசார ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஜூலையில் திரும்பி வந்தாள். அந்த மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று அடிக்கும். அதன் தயவோ என்னவோ, விமானம் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. தள்ளுவண்டியோடு வெளியே வந்தவள் எடுத்த எடுப்பில், "போறப்ப புடுங்கின ரெண்டரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டான். மேல பத்து நிமிஷம் வட்டி" என்றாள்.

அப்பா விரல் விட்டு எண்ணினார். "ஒரு மாசத்துல நூத்தம்பது நிமிஷத்துக்குப் பத்து நிமிஷமா? கந்துவட்டிடி!"