வலது கைக்குச் சுற்றும் துணி

ஜூலை 10, 2025, வியாழன்

அம்மா போய் ஆறு நாள். போன வெள்ளிக்கிழமை விடியக்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டியில் ஏற்றி, பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 59 வயது. அந்த நாளைப் பற்றி இதற்குமேல் எழுத வரவில்லை.

இன்று பௌர்ணமி. இருட்டோடு இருட்டாகக் கடலில் பாசி எடுக்கப் போகிற பெண்கள் தெருவில் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வாசல் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா விழித்துத்தான் கிடந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

துக்கம் விசாரிக்க வந்த தம்பியின் சிநேகிதன் ஒருவன், "அம்மா என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டான். பாசி எடுத்தாள் என்றேன். அவனுக்கு அது புரிந்த மாதிரித் தெரியவில்லை. நானும் சரியாகச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

மாசத்தில் 12 நாள்தான் வேலை. அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அப்போதுதான் தண்ணி நன்றாக வத்தும். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, முகத்தில் கண்ணாடி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே பிய்க்க வேண்டும். ஐந்தாறு மணி நேரம் தண்ணிக்குள்தான். மீன்பிடித் தடை நாளில் பாசிக்கும் ஓய்வு விடுவது பெண்களே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. "பாசியும் வளரணும்ல" என்பாள் அம்மா.

நோன்புக் காலத்தில் கீழக்கரைப் பக்கம் பாலும் சீனியும் சேர்த்துக் கடல்பாசி செய்வார்களே, அந்த மாதிரிப் பண்டத்துக்குப் போகிற சரக்குதான். காய்ந்ததும் அது நூல்கண்டு போல லேசாகிவிடும். ஒரு கிலோ சேர எத்தனை தடவை முங்கியிருப்பாள் என்று சின்ன வயசில் கணக்குப் போட்டுப் பார்த்துப் பாதியில் விட்டிருக்கிறேன்.

அம்மா கல்யாணமாகி இந்தச் சின்னப்பாலம் ஊருக்கு வந்தது 1986இல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்காவாக அறிவித்ததும் அதே வருஷம்தான். 2009இல் வல்லம் தள்ளும்போது அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டது. அன்றிலிருந்து அவர் கடலுக்குப் போகவில்லை. நானும் தம்பியும் காலேஜ் படித்தது முழுக்க அந்தப் பாசியில்தான். ஒரு நாள்கூட அவள் அதை எங்களிடமோ அப்பாவிடமோ சொல்லிக் காட்டியதில்லை. இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

ஜூலை 19, சனி

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. தம்பி ராத்திரி ரயிலில் கிளம்பிவிட்டான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் நிற்க இடமில்லையாம். போனவர்களுக்காக ஊர் ஊராக வந்து கடலில் முங்கி எழுகிறார்கள். அம்மா அமாவாசைதோறும் இருக்கிறவர்களுக்காக முங்கினாள்.

கொல்லைப்புறத்தில் அவளுடைய பை தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குத்தான் எடுத்துக் கவிழ்த்தேன். கொஞ்சம் மணல், உடைந்த சங்கு, அப்புறம் விரலில் சுற்றும் துணிகள். பவளப்பாறை கத்தி மாதிரி அறுக்கும். அதனால் பத்து விரலுக்கும் துணி சுற்றாமல் யாரும் இறங்க மாட்டார்கள். அப்பாவின் வேட்டியைக் கிழித்த துண்டுகள்தான். உப்பு ஏறி விறைத்து, விரல் இருந்த வடிவத்திலேயே ஒவ்வொன்றும் உருளையாக நின்றன. மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தில் முடிச்சு தாறுமாறாக இருந்தது. அவை இடது கைக்கு, அவளே பல்லால் கடித்து இழுத்துக் கட்டியவை. மற்ற ஐந்தில் ஒரே சீரான, சின்ன, வலை முடிச்சு. வலது கைக்கு எப்போதும் அப்பாதான் கட்டுவார். நாலு மணிக்கு அடுப்பு வெளிச்சத்தில் அவள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் கட்டிவிட்டு, "இறுக்குதா?" என்பார். "இல்லைங்க" என்பாள். அந்த வீட்டில் நான் வளர்ந்த காலமெல்லாம் அவர்கள் இருவரும் கொஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை. இந்த இரண்டு வார்த்தையைத்தான் கேட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் காட்டவில்லை. அம்மாவின் சேலையில் முடிந்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்றுப் பௌர்ணமி. அப்பா நாலு மணிக்கே எழுந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். இன்றும் அப்படித்தான். டீ போட்டுக் கொடுத்தேன். எதுவும் பேசவில்லை.

மத்தியானம் நண்டு கழுவும்போது வலது கைக் கட்டைவிரலில் ஓடு கிழித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொடியில் கிடந்த வேட்டி ஓரத்தைக் கிழித்தார்.

"கையக் கொடு தாயி."

மூன்று சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகினார். நான் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இறுக்குதா?" என்றார்.

"இல்லப்பா."

அவர் என் கையை விடவில்லை.