எட்டு நிமிடக் குரல் தேர்வு: ஜெர்மன் ஓபரா அரங்கில் வேலைக்குப் பாடுவது

கர்நாடக சங்கீதத்தில் சுருதியைத் தீர்மானிப்பவர் பாடகர். ஒரு கட்டையோ ஐந்தரைக் கட்டையோ, தம்புராவைத் தன் குரலுக்குச் சேர்த்துக்கொண்டு எந்தக் கீர்த்தனையையும் எடுக்கலாம். ஓபராவில் அந்தச் சலுகை இல்லை. ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவில் மொசார்ட் இரவு ராணிக்கு உச்சியில் ஒரு எஃப் ஸ்வரம் எழுதிவைத்தார், பூசாரி ஸாராஸ்ட்ரோவுக்கு அடியில் ஒரு எஃப். மேடைக்கு முன்னால் உள்ள குழியில் உட்கார்ந்திருக்கும் வாத்தியக்குழு எழுதிய சுருதியில்தான் வாசிக்கும். எட்டாத குரலுக்கு அந்த வேடம் இல்லை.

ஜெர்மனிக்காரர்கள் குரல்களை ‘ஃபாக்’ என்று பிரித்துவைத்திருப்பது இதனால்தான். அலமாரியில் உள்ள தட்டுக்கும் அதே சொல்தான். சோப்ரானோ, அதாவது உயர்ந்த பெண் குரல், என்று மட்டும் சொன்னால் போதாது. இலகுவான சூப்ரெட்டா, மென்மையான லிரிக்கா, வேகச் சங்கதி பாடும் கொலராட்டுராவா, கனமான இளம் டிராமட்டிக்கா என்று கேட்பார்கள். அந்த நாட்டில் பொதுப்பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் ஏறக்குறைய 80 இருக்கின்றன. லூபெக், காஸல், ஃப்ரைபூர்க் மாதிரி நடுத்தர ஊர்களிலும் நிரந்தரப் பாடகர் குழு உண்டு. மாதச் சம்பளத்துக்கு அந்தக் குழுவில் இருப்பதை ‘ஃபெஸ்ட்’ என்பார்கள். லிரிக் சோப்ரானோ ஒருவர் கிளம்பினால் அந்தத் தட்டு மட்டும்தான் காலி. அன்று அங்கே எவ்வளவு அருமையான மெஸ்ஸோ (சோப்ரானோவுக்கு ஒரு படி கீழான பெண் குரல்) வந்து பாடினாலும் வேலை இல்லை. தேர்வில் தோற்றவர்களில் பாதிப்பேர் குரலில் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல சமயம் தட்டுதான் வேறு.

காலக்கணக்கை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் ஜூலை வரை. அடுத்த பருவத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றால் அரங்கு அதைப் பொதுவாக அக்டோபர் 31க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக இன்னொரு வருடம் நீளும். பாடகர் விலக நினைத்தாலும் அதே தேதிதான். ஆகவே எந்தத் தட்டு காலி என்பது நவம்பரில்தான் தெளிவாகும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தேர்வுகள் குவியும். ஏப்ரலில் விண்ணப்பம் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று காத்திருப்பது வீண்.

வழி மூன்று: அரங்குக்கு நேரடியாக எழுதுவது, தனியார் ஏஜென்ட், அரசு வேலைவாய்ப்புத் துறையின் கலைஞர் பிரிவான ‘சாவ்’. கடைசியாகச் சொன்னதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. அங்கே ஒருமுறை பாடிக்காட்டி அவர்கள் பட்டியலில் ஏறிவிட்டால் காலியிடங்களுக்கு அவர்களே பெயர் அனுப்புகிறார்கள், கமிஷன் கிடையாது. தனியார் ஏஜென்ட் சம்பளத்தில் ஒரு பங்கு எடுப்பார். வேலை கிடைக்கும் முன்னரே பட்டியலில் சேர்க்கப் பணம் கேட்கும் ஏஜென்டிடம் நெருங்கவே வேண்டாம்.

விண்ணப்பம் ஒரு பக்கம்தான். படம், பிறந்த வருடம், ஃபாக், படித்த இடம், வேடங்கள், ஒளிப்பதிவுகளின் சுட்டிகள். வேடங்களை ‘மேடையில் பாடியவை’, ‘படித்து முடித்தவை’ என்று இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். இரண்டாவதில் பொய் சொல்லக் கூடாது. யாருக்காவது தொண்டை கட்டிக்கொண்டால், ‘இன்று இரவு வர முடியுமா’ என்று மதியம் தொலைபேசி வருவது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். உதவி இயக்குநர் மேடையில் நடிக்க, வந்தவர் ஓரத்தில் ஸ்கோரை (ஸ்வரங்கள் அச்சிட்ட இசைத்தாள்) வைத்துக்கொண்டு பாடுவார். சுட்டியில் எதிரொலி சேர்த்த ஸ்டூடியோ பதிவு வேண்டாம். சாதாரண அறையில் பியானோவோடு, வெட்டில்லாமல் எடுத்த ஒளிப்பதிவையே நம்புவார்கள்.

இனி ஆரியாக்கள், அதாவது ஓபராவில் வரும் தனிப்பாட்டுகள். ஐந்து போதும். மொசார்ட் ஒன்று, ஜெர்மனில் ஒன்று, இத்தாலியனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று, இருபதாம் நூற்றாண்டு ஒன்று. இவற்றில் சில ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். முதல் ஆரியாவை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், இரண்டாவதை அவர்கள் கேட்பார்கள். மொத்தம் எட்டுப் பத்து நிமிடம். கேட்கவே மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பட்டியலை நிரப்பப் போட்ட ஆரியாவைத்தான் கேட்பார்கள்.

முதல் ஆரியா உங்களிடம் இருப்பதிலேயே கடினமானதாக இருக்க வேண்டியதில்லை. சளி பிடித்த காலையிலும், ரயில் தாமதமான நாளிலும் தொண்டை தானாகப் பாடிவிடும் ஒன்று வேண்டும். லிரிக் சோப்ரானோக்கள் ‘மாயப் புல்லாங்குழல்’ நாயகி பமீனாவின் ‘ஆஹ், இஹ் ஃப்யூல்ஸ்’ பாட்டில் தொடங்குவது எனக்கு ஒப்பாத பழக்கம். மெதுவான நடை, கீழே பியானோவில் விட்டுவிட்டு வரும் குட்டி நாதங்கள், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. மூச்சு இன்னும் மேலே நிற்கும்போது அதில் நுழைந்தால் முதல் வரியே நடுங்கும். அதை இரண்டாவதாக அவர்கள் கேட்கட்டும், அப்போது குரல் சூடேறியிருக்கும். அதே ஓபராவின் நாயகன் டமீனோவின் ‘டீஸ் பில்ட்னிஸ்’ வேறு விதமான பொறி. இரண்டு மூன்று நாதங்கள் ஒலித்ததும் பி-ஃப்ளாட்டிலிருந்து ஜி-க்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலிலேயே எதிரில் இருப்பவர்கள் பாதி முடிவெடுத்துவிடுவார்கள். அது கையில் இருக்கும் டெனருக்கு (உயர்ந்த ஆண் குரல்) அதைவிட நல்ல தொடக்கம் இல்லை, இல்லாதவர் அதைத் தொடவே கூடாது.

நீளத்தையும் பார்க்க வேண்டும். ‘அரியாட்னே’ ஓபராவில் ஸெர்பினெட்டாவின் ஆரியா பத்து நிமிடத்தைத் தாண்டும். ‘அல்ஸ் ஐன் காட்’ என்று வரும் பகுதியிலிருந்து பாடுவதாக முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம், யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘ஃபிகாரோ’ ஓபராவில் பிரபு பாடும் ஆரியா என்றால் முன்னால் பேச்சுபோல் வரும் ரெசிட்டட்டீவோடு பாடுகிறீர்களா, ஆரியா மட்டுமா என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நின்றால் பியானோக்காரர் ஒரு இடத்தில் தொடங்க, நீங்கள் வேறு இடத்தில் வாய் திறப்பீர்கள்.

அந்தப் பியானோக்காரர் அரங்கின் ஊழியர். முன்பின் பார்த்திருக்க மாட்டீர்கள், ஒத்திகை கிடையாது. அன்று அவர் முப்பது பேருக்கு வாசிக்கிறார். அவரைக் காப்பாற்றுவது உங்கள் ஸ்கோர். பக்கத்தின் இரு புறமும் அச்சிட்டு, புரட்டுவது இடைவெளி வரும் இடத்தில் விழும்படி அடுக்கி, மூன்று வளையக் கோப்பில் கோத்துக்கொடுங்கள். தனித்தாள்கள் ஸ்டாண்டிலிருந்து பறக்கும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை விளக்கு வெளிச்சத்தில் மின்னி, ஸ்வரங்களை மறைக்கும். நகலெடுக்கும்போது அடியில் இருக்கும் இடக்கை வரி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமும் பாருங்கள். மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். விடும் பகுதியைப் பென்சிலால் லேசாகக் கோடு போட்டால் போதாது. வெள்ளைத்தாள் ஒட்டி முழுதாக மறைத்துவிட வேண்டும். வேகத்தைச் சொல்ல எண் வேண்டாம். முதல் வரியை அவர் காதருகே மெல்லப் பாடிக்காட்டினால் பிடித்துக்கொள்வார். விரல் சொடுக்கி வேகம் காட்டுவதை மட்டும் செய்யாதீர்கள், எந்தப் பியானோக்காரருக்கும் அது பிடிக்காது.

எழுதிய சுருதியை மாற்ற முடியாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதில் கால் இடறுபவர்களும் உண்டு. ‘செவில் நாவிதர்’ ஓபராவில் ரோஸினாவின் ‘ஊன வோசே’ ஆரியாவை ரொசினி மெஸ்ஸோவுக்கு ஈ-யில் எழுதினார். சோப்ரானோக்கள் அரைசுரம் ஏற்றி எஃப்-இல் பாடுவது பழைய மரபு. இரண்டு அச்சும் புழக்கத்தில் இருக்கின்றன. இணையத்தில் கிடைத்ததை இறக்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு போனால் உங்களுடையது அல்லாத சுருதியில் பாட நேரிடும். அரைசுரம்தானே என்று தோன்றலாம், உச்சியில் நிற்கும்போது தெரியும். இன்னொன்று, ஜெர்மன் அரங்குகளில் வாத்தியங்களைச் சுருதி சேர்க்கும் ஏ ஸ்வரம் பெரும்பாலும் 443 ஹெர்ட்ஸ். வீட்டில் 440-க்குப் பழகிய காதுக்கு முதல் ஸ்வரம் கொஞ்சம் கூர்மையாகத் தோன்றும், அவ்வளவுதான்.

முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்விடுவது நல்லது. ஜெர்மன் ரயில் நேரத்துக்கு வரும் என்று இன்னும் நம்புபவர்கள் அங்கே வசிக்காதவர்கள்தான். பயணச் செலவும் தங்கும் செலவும் பெரும்பாலும் உங்களுடையவை. பாடிப் பார்க்கும் அறை பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிது, அதையும் இன்னொருவரோடு பகிரச் சொல்லலாம். குரலை விடுதியிலேயே சூடேற்றிக்கொண்டு கிளம்புங்கள். பெயர்ப்பட்டியல் எப்போதும் பின்தங்கும். காத்திருக்கும் இடத்தில் பேசிப்பேசியே குரலைக் கரைத்துவிடும் ஆட்களிடமிருந்து ஒதுங்கி உட்காருங்கள்.

முதல் சுற்று ஒத்திகை அறையில் நடக்கலாம், மேடையிலும் நடக்கலாம். மேடையில் பியானோவை ஒட்டி நிற்காமல் இரண்டடி முன்னால் வந்து நில்லுங்கள். பின்னால் தீத்தடுப்புக்கான இரும்புத்திரை இறங்கியிருந்தால் குரல் அதில் பட்டு அரங்குக்குத் திரும்பும், நல்லது. அது திறந்திருந்தால் குரல் பின்பக்கம் தொலைவதுபோல் உங்களுக்கு மட்டும் தோன்றும். அதை ஈடுகட்டத் தள்ளிப் பாடுவதுதான் பெரும் விபத்து. பார்வை நடுவர்களின் தலைக்கு மேலே போகட்டும். கண்ணைப் பார்த்துப் பாடினால் அவர்கள் குனிந்து எழுத முடியாமல் திண்டாடுவார்கள்.

முதல் ஆரியா முடிந்ததும் ‘தாங்க்கெ’ (நன்றி) என்ற ஒரு சொல் வந்தால் பல சமயம் அதுவே முடிவு. இரண்டாவதைக் கேட்டால் அக்கறை இருக்கிறது. ஊரில் எத்தனை நாள் இருப்பீர்கள், எப்போதிலிருந்து வேலைக்கு வர முடியும் என்று விசாரித்தால் நிஜமாகவே யோசிக்கிறார்கள். அடுத்த சுற்றில் அரங்கின் தலைவரும் இசைத் தலைமை நடத்துநரும் உட்கார்ந்திருப்பார்கள். ஜெர்மனில் இரண்டு வரி சாதாரணமாகப் பேசத் தெரிவது இங்கே உதவும். ஒத்திகைகள் பெரும்பாலும் அந்த மொழியில்தான்.

கிடைத்துவிட்டால் வருவது ‘என்ஃபாவ் ப்யூனே’ என்ற பொது ஒப்பந்தம். அதன் அடிமட்ட மாதச் சம்பளம் 2023 ஜனவரியில் 2,715 யூரோ ஆனது, வரியும் காப்பீடும் பிடிப்பதற்கு முன். ஒப்பந்தத்தில் ஃபாக் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சம்பளத்துக்கு முன் படியுங்கள். அது விரிவாக இருந்தால் உங்கள் குரலுக்குக் கனமான வேடத்தையும் தருவார்கள், மறுக்க வாய்ப்பு குறையும். ஒரே அரங்கில் 15 வருடம் தாண்டினால் ஒப்பந்தம் நீளாது என்ற கடிதத்தின் மூலம் வெளியே அனுப்ப முடியாது. பதினான்காம் வருடத்தில் சிலருக்கு அந்தக் கடிதம் வருவதன் காரணம் இதுதான்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போய் ஜெர்மன் இசைக்கல்லூரியில் பட்டம் முடிப்பவருக்கு வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். அந்தப் 18 மாதத்துக்குள் நவம்பர்–பிப்ரவரி பருவம் ஒன்றாவது முழுதாக வரும், சில சமயம் இரண்டு. எந்த மாதத்தில் பட்டம் வாங்குவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம். ரயில் சீட்டு, விடுதி ரசீது, ஸ்கோர் நகல் செலவு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். வேலை தேடச் செய்த செலவு என்று வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.