சைபர்ட்ரக்கின் வெற்று எஸ்.எஸ். உடம்பில் வந்த ஆரஞ்சுப் புள்ளிகளை எடுத்த அனுபவம்

டெக்ஸாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே, ரவுண்ட் ராக்கில் இருக்கிறோம். வீட்டு வாசலில் டெஸ்லாவின் மின்சாரப் பிக்கப் வண்டியான சைபர்ட்ரக் நிற்கிறது. அதன் உடம்பு பெயின்ட் அடிக்காத வெற்று எஸ்.எஸ். தகடு, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம்ம ஊர் எவர்சில்வர். கராஜுக்குள் இடமில்லாததால் வெயில், மழை, பறவை எச்சம் எல்லாம் அதன் மேல்தான். பார்க்கிறவர்கள் ரேஞ்ச் எவ்வளவு, சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்பதில்லை. "துரு பிடிக்குதாமே?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்கள் வண்டியிலும் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தன. அவை போகவும் போயின. அதற்கு என்னென்ன செய்தேன் என்பதை, இதே கவலையில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புள்ளிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பின்கதவிலும் சக்கர வளைவுகளுக்கு மேலேயும் நெருக்கமாக இருந்தன. கூரை ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். இருட்டிய பிறகு போன் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்பு மணி, அதைச் சுற்றி ஆரஞ்சு வளையம், வளையத்திலிருந்து கீழ்நோக்கி மெல்லிய வால். நகத்தால் தடவினால் அந்த நடு மணி நெருடியது. சில இடங்களில் நகத்தோடு பெயர்ந்தும் வந்தது. பெயர்ந்த இடத்தில் குழி எதுவும் இல்லை, தகடு வழுவழுப்பாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

ஈரோட்டில் என் சித்தப்பா பால் பண்ணைகளுக்கான எஸ்.எஸ். டேங்க் செய்கிற பட்டறை வைத்திருந்தவர். வீடியோ காலில் அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, உன்ற வண்டி துருப்பிடிக்கலை. வண்டி மேல வந்து உக்காந்த இரும்பு துருப்பிடிக்குது" என்றார்.

"ரெண்டுக்கும் என்னங்க சித்தப்பா வித்தியாசம்?"

"பட்டறைல எம்.எஸ்., அதான் சாதா இரும்பு, அறுக்கற எடத்துக்குப் பக்கத்துல எஸ்.எஸ். சீட்டை வெக்கவே விடமாட்டேன். கிரைண்டிங் பொறி ஒண்ணு வந்து விழுந்தாப் போதும், ரெண்டு நாள்ல இதே மாதிரி புள்ளி வந்துரும். எம்.எஸ். தேய்ச்ச வீலை எஸ்.எஸ்.ல வெச்சாலும் இதே கதைதான். நீ போட்டு ஒரசாத. அந்த இரும்பை மட்டும் கரைச்சு எடு."

இந்த வண்டியின் தலைமைப் பொறியாளர்களில் ஒருவரான வெஸ் மாரில் 2024 தொடக்கத்தில், இந்தப் புள்ளிகளைப் பற்றிப் பேச்சு கிளம்பியபோது சொன்னதும் இதைத்தான்: மேலே படிந்த இரும்புத் துகள்தான் துருப்பிடிக்கிறது, துடைத்தால் போய்விடும். எஸ்.எஸ். துருவைத் தாங்குவது அதில் இருக்கும் குரோமியத்தால். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு ஆக்சைடு படலம் தானாக உருவாகும். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். சாதாரணக் காரின் பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும் என்றால், இது அதைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. கீறினாலும், ஆக்சிஜன் பட்டால் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் அதன் மேல் சாதா இரும்புத் துகள் ஒட்டி ஈரமும் சேர்ந்தால் அந்தத் துகள் துருப்பிடிக்கும். நாள் கணக்கில் அப்படியே விட்டால் அடியில் இருக்கும் படலமும் அந்த இடத்தில் பலவீனமாகும், குளோரைடு உப்பும் சேர்ந்தால் குழி விழும். அதனால் "வெறும் மேல்புள்ளிதானே" என்று விட்டுவிடவும் கூடாது.

இரும்பு எங்கிருந்து வருகிறது? நம் வண்டியின் பிரேக், முன்னால் போகிற லாரியின் பிரேக், தண்டவாளத்தில் உராயும் ரயில் சக்கரம், கட்டட வேலையில் கம்பி அறுக்கும் பொறி என்று எல்லாவற்றிலிருந்தும்தான். எங்கள் தெருமுனையில் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. பெயின்ட் அடித்த கார்களிலும் இதே தூள் ஒட்டத்தான் செய்கிறது. வெளிர் நிறத்தில் வெற்றுத் தகடு என்பதால் இதில் பளிச்சென்று தெரிகிறது.

வேலையில் இறங்கும் முன் எது எந்தக் கறை என்று பிரித்துக்கொண்டேன். ஏனென்றால் எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து கிடையாது. கைரேகை வெறும் எண்ணெய். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடைத்தால் போய்விடும். வெள்ளை வட்டங்கள் தண்ணீர்க் கறை. இந்தப் பக்கம் பூமி முழுக்கச் சுண்ணாம்புக்கல், குழாய்த் தண்ணீர் அப்படியொரு கடினம். புல்வெளிக்குப் போட்ட ஸ்பிரிங்க்ளர் கதவில் அடித்து வெயிலில் காய்ந்தால் சுண்ணாம்பு அப்படியே நிற்கும். வசந்த காலத்தில் லைவ் ஓக் மரங்கள் கொட்டும் பூச்சரமும் இலையும் ஈரத்தில் ஊறி, டீக்கறை மாதிரி பழுப்பாகப் படியும். எச்.இ.பி. கடை வாசலில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் கிராக்கிள் பறவைகளின் எச்சமும் சேர்ந்துகொள்ளும். எச்சம், பூச்சி, மரப்பிசின், தார் எதுவாக இருந்தாலும் அடுத்த வாஷ் வரை காத்திருக்காமல் உடனே எடுக்கச் சொல்கிறது வண்டியின் கையேடு. அதை நான் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறேன். காரில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலும் துணியும் இருக்கும்.

முதலில் முழு வாஷ். காலையில், நிழலில், தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டும். தண்ணீர் பீய்ச்சி மணலைக் கழுவிவிட்டு, காரம் இல்லாத நியூட்ரல் ஷாம்பு போட்டுத் துடைத்தேன். மணலோடு துடைத்தால் கீறல் விழும். பெயின்ட் கீறலை பாலிஷ் போட்டு மறைக்கலாம், இதில் கோடு கோடாக அப்படியே நிற்கும்.

அப்புறம் சுண்ணாம்பு. வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப்பாதி கலந்து, துணியில் நனைத்துக் கறை மேல் ஒரு நிமிடம் ஒற்றி வைத்தேன். சுண்ணாம்பு கரைந்து துணி வழுக்கிக்கொண்டு போவது கைக்கே தெரியும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஒரு மருந்தை முழுக்கக் கழுவி எடுக்காமல் அடுத்ததைத் தெளிக்கக் கூடாது. முக்கியமாக, அடுத்து வரும் இரும்பு நீக்கியோடு அமிலம் கலக்கவே கூடாது.

இரும்பு நீக்கி என்று கார் டீடெய்லிங் கடைகளில் ஸ்பிரே பாட்டிலாகக் கிடைக்கும். உள்ளே இருப்பது தயோகிளைகோலேட், முடி சுருட்டும் பெர்ம் மருந்திலும் இருக்கும் அதே வகை ரசாயனம். கையுறை மாட்டிக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும். பின்கதவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் முதலில் தெளித்து, தகட்டின் நிறம் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு ஒரு கதவு, ஒரு பானட் என்று பகுதி பகுதியாகத் தெளித்தேன். முதல் சில விநாடிகள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு ஆரஞ்சுப் புள்ளியிலிருந்தும் கத்தரிப்பூ நிறத்தில் கசிய ஆரம்பித்தது. புள்ளியே தெரியாத இடங்களிலும் ஊதா ஒழுகியது. நாளை புள்ளியாகப் போகிற இரும்பெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் விடவில்லை, காயவும் விடவில்லை. மிருதுவான துணியால் மேலோட்டமாகத் தடவிவிட்டு, ஹோஸ் பிடித்துக் கழுவினேன். முக்கால்வாசிப் புள்ளிகள் இதிலேயே போய்விட்டன.

மிச்சம் இருந்த பிடிவாதமான சிலவற்றுக்கு பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட். அமெரிக்காவில் சமையலறை சிங்க் தேய்க்கப் பலர் வீட்டிலும் இருக்கும் டப்பா. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் துருவை நன்றாகக் கரைக்கும். ஆனால் அதில் தேய்க்கும் தூளும் உண்டு, அதனால் இதைக் கதவு முழுக்கப் பூசித் தேய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பளபளப்பு அந்த இடத்தில் மட்டும் மாறிவிடும். கூழ் மாதிரி குழைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியின் நுனியில் எடுத்து, புள்ளியின் மேல் மட்டும் வைத்து ஒரு நிமிடம் விட்டேன். பிறகு தகட்டில் கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. அந்தத் திசை கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் டார்ச் சாய்த்துப் பாருங்கள், தெரியும்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் பலர் சொல்வார்கள். சித்தப்பா விடவில்லை. "கறை போனா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காத. பேசிவேஷன் பண்ணு" என்றார். மிச்ச இரும்பை அமிலத்தால் கரைத்தெடுத்து, அந்த ஆக்சைடு படலத்தை ஒழுங்காக வளரவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். அவர் பட்டறையில் வெல்டிங் அடித்த இடத்தில் பிக்கிளிங் பேஸ்ட் தடவுவார்கள். அதில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் இருக்கும். அதை வீட்டுப் பக்கமே கொண்டுவராதே என்று அவரே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தோலில் பட்டால் எலும்பு வரை போகிற விஷம் அது. வீட்டுக்கு ஏற்றது சிட்ரிக் அமிலம். ஏ.எஸ்.டி.எம். ஏ967 என்ற தரவிதியிலேயே இதற்கு இடம் உண்டு: 4 முதல் 10 சதவீதக் கரைசல், 21 முதல் 49 டிகிரி செல்சியஸ் வெப்பம், குறைந்தது 20 நிமிடம். மேலே மிச்சமிருக்கும் தனி இரும்பை இது கரைத்து எடுத்துவிடும், குரோமியத்தைத் தொடாது. அப்புறம் காற்று பட்டதும் படலம் ஒரே சீராக வளரும்.

ஊறுகாய், ஜாம் போட விற்கும் சிட்ரிக் அமிலத் தூளில் 60 கிராம் எடுத்து ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துக்கொண்டேன். நெட்டுக்குத்தாக நிற்கும் கதவில் திரவம் எப்படி 20 நிமிடம் நிற்கும்? பேப்பர் டவலைக் கரைசலில் நனைத்துக் கதவில் ஒட்டி, அதன் மேல் சமையலறை பிளாஸ்டிக் ராப்பை இழுத்துப் போர்த்தினேன். காற்றுக்குமிழி இருந்த இடத்தை மட்டும் கையால் நீவிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து உரித்து, கழுவி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றித் துடைத்தேன். புள்ளி அதிகம் வந்த பின்கதவுக்கும் கதவுகளின் கீழ்ப்பாதிக்கும்தான் இந்த உபசாரம். வண்டி முழுக்கச் செய்யத் தேவையிருக்கவில்லை.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கவும் சித்தப்பாவிடம் ஒரு வழி இருந்தது. வெள்ளைத் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து ராத்திரி முழுக்கத் தகட்டில் ஒட்டி வைப்பது. இரும்பு மிச்சமிருந்தால் காலையில் துணியில் பழுப்புப் பொட்டு தெரியும். பின்கதவுத் துணி வெள்ளையாகவே வந்தது. இடது பின்சக்கரத்துக்கு மேலே வைத்த துணியில் மட்டும் இரண்டு பொட்டு. அங்கே இன்னொரு தடவை சிட்ரிக் போட்டேன், போய்விட்டது.

பாதுகாப்புக்கு என்ன பூசுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. சமையலறை எஸ்.எஸ். ஸ்பிரேயை அடித்தால் கைரேகை மறைந்து அழகாக இருக்கும், ஆனால் அது மினரல் ஆயில். டிசம்பர், ஜனவரியில் இங்கே சீடர் மகரந்தம் புகை மாதிரி பறக்கும். எண்ணெய் மேல் அது ஒட்டிக்கொண்டால் அதை எடுக்கவே தனி வாஷ் வேண்டும். செராமிக் கோட்டிங் நல்லதுதான், தண்ணீர் தங்காமல் ஓடிவிடும், கழுவுவது சுலபம். ஆனால் அதன் மேலும் இரும்புத்தூள் வந்து உட்காரும், "இனி புள்ளியே வராது" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். முழு வண்டிக்கும் பி.பி.எஃப். என்கிற பாதுகாப்பு பிளாஸ்டிக் பிலிம் ஒட்டுவதற்கு எனக்கு 5,000 டாலருக்குக் குறையாமல் சொன்னார்கள். பிலிம் ஒட்டினால் தகட்டில் எதுவும் படாது. கீறல் பயமும் இல்லை. ஒன்றே ஒன்று: ஒட்டும் முன் தகட்டில் இரும்பு துளிகூட இருக்கக் கூடாது. பிலிம் ஓரத்தில் உப்புத் தண்ணீர் புகுந்து, ஆக்சிஜன் கிடைக்காமல் அடைபட்டுக் கிடந்தால், வெளியில் இருப்பதைவிட அங்கேதான் எஸ்.எஸ். சீக்கிரம் அரிக்கும். ஒட்டுகிறவர் வெறும் ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு ஒட்ட வந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

நான் பின்கதவுக்கும், கல் தெறிக்கும் கீழ்ப்பகுதிக்கும் மட்டும் பிலிம் ஒட்டினேன். மற்ற இடமெல்லாம் ஆல்கஹாலால் துடைத்து, செராமிக் ஸ்பிரே ஒரு கை. இந்த வண்டியை வாங்கியதே இந்தத் தகட்டுக்காகத்தான், அதை முழுக்க மூடிவிட எனக்கு மனசு வரவில்லை.

கிட்டவே சேர்க்கக் கூடாதவை: இரும்பு நார், கம்பி பிரஷ், பிளீச், குளோரின் கலந்த பாத்ரூம் கிளீனர், ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள வீல் கிளீனர். நார் இரும்பைத் தேய்த்து ஒட்டிவிடும், மற்றவை குளோரைடால் குழி தோண்டும். வீட்டில் எவர்சில்வர் பாத்திரத்தில் உப்புத் தண்ணீரைப் பல நாள் ஊறவிட்டால் அடியில் பொட்டுப்பொட்டாக வருவதும் இதே குளோரைடு வேலைதான்.

இப்போது மாதம் ஒரு தடவை வாஷ், பருவத்துக்கு ஒரு தடவை இரும்பு நீக்கி. அதில் ஊதா ஒழுகுவது முதல் தடவையைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் தலையைக் கதவில் படாதபடி திருப்பிவிட்டேன், வெள்ளை வட்டம் அதோடு நின்றது. கால்வெஸ்டன் மாதிரி கடலோரத்திலோ, குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் வட மாநிலங்களிலோ இருப்பவர்களுக்கு இந்த இடைவெளி போதாது. உப்பு பட்ட வண்டியை வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் அலசுங்கள். அலசும்போது தகடும் தகடும் சேரும் இடுக்குகளிலும் கதவின் அடி மடிப்பிலும் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், உப்பு தங்குவது அங்கேதான்.